முப்பது, நாற்பத்தைந்து, நூறு

"சேராதுடா அருண்பாண்டி. விடிய விடிய இழுத்தாலும் சேராது!"

பிரபாகரன் சார் இப்படிச் சொன்னதும் கம்ப்யூட்டர் லேப் மொத்தமும் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் அது எனக்குக் கடைசி நாள். அப்போது எனக்கே தெரியாது.

என் படம் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிந்தது. நூறுக்கு ஒரு கோடு. இந்த முனையில் முப்பது ஆரத்துக்கு ஒரு வட்டம், அந்த முனையில் நாற்பத்தைந்துக்கு ஒன்று. ரெண்டும் வெட்டுகிற இடம்தான் மூணாவது மூலை. வெட்டவே இல்லை. நடுவில் ஒரு ஜீப்பே போகலாம்.

மவுஸால் முனையைப் பிடித்து இழுத்தேன். கோடு சுற்றியது, வட்டங்களும் கூடவே வந்தன. இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.

"சின்னப் பக்கம் ரெண்டையும் கூட்டு. எவ்வளவு?"

"எழுவத்தஞ்சு சார்."

"பெரிசு?"

"நூறு."

"சின்னது ரெண்டும் சேந்து பெரிசைத் தாண்டணும். தாண்டலைன்னா இந்த உலகத்துல எங்கயுமே அப்படி ஒரு முக்கோணம் கிடையாது. ஏழாங்கிளாஸ் கணக்குடா இது. பத்தாங்கிளாஸ் வந்து முழிக்கிற!"

வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு முக்கோணத்தின் மூணு பக்கத்தையும் குறித்துக்கொண்டு வரச் சொன்னது அவர்தான். அனுசியா சமோசாவை அளந்து வந்திருந்தாள். அது ஒரே தடவையில் சேர்ந்துவிட்டது.

"சமோசாவே சேருது, ஒனக்குச் சேரலயே மாப்ளே," என்றான் பின்னாலிருந்து அமாவாசை.

எனக்கு எரிச்சலாக வந்தது. "அளவுல தப்பு இல்ல சார். பத்திரத்தைப் பாத்து எழுதுனது."

"என்ன பத்திரம்?"

"எங்கப்பா நிலம் சார். சிலமலை ரோட்டுல."

சாரின் சிரிப்பு நின்றது.

அப்பா சோலைமலை இருபத்திரண்டு வருஷம் முதலாளியின் ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்தடித்தவர். மூச்சு இழுத்து, இனி மலை ஏற முடியாது என்று ஆனபோது, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து முதலாளி கொடுத்தது அந்த முக்கோணத் துண்டுதான். பத்திரத்தை லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார் அப்பா. அங்கே வீடு கட்டுவோம் என்று அம்மாவிடம் சொல்லாத நாள் இல்லை. இடத்தைக் காட்டச் சொன்னால் மட்டும், "காய் எடுப்பு முடியட்டும் சோலை, சர்வேயர் வரட்டும்" என்று முதலாளி ஆறு மாசமாக இழுக்கிறார்.

சார் என் பக்கத்தில் குனிந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நூறை அறுபதா மாத்து. சேந்துரும்."

"பத்திரத்துல நூறு அடின்னுதான சார் இருக்கு?"

"படத்துல மாத்துடா. அப்பாட்டப் போயி எதையாச்சும் உளறி வைக்காத. வெரசா மாத்து, அடுத்தவன் வரணும்."

"மாத்தித் தொலைடா, சோலி முடியட்டும்," என்றாள் அனுசியா.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எங்கேயும் இல்லாத முக்கோணம். சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது அதுதான்.

அந்தப் பத்திரத்தை அப்பா கொண்டுவந்த அன்றைக்கு, "அளவெல்லாம் சரியா இருக்கான்னு படிச்சவங்க யார்ட்டயாச்சும் காட்டுங்க" என்று அம்மா சொன்னாள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி நான் அதற்கப்புறம் பார்த்ததே இல்லை.

"அடி கிறுக்கி, எழுதுனது யாருன்னு நெனச்ச? முதலாளியோட மச்சினன், நம்ம பயலோட கணக்கு சாரு! பிரபாகரன் சாரே கைப்பட எழுதுனது. அளவு தப்புமா?"

"அறுபதுன்னு அடிடா," என்றார் சார் மறுபடியும்.

நான் அடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.