வடிவு வீட்டு ரத்தம்

வட்டம் போட்டால் பெண், சதுரம் போட்டால் ஆண். மரபணு ஆலோசகர் என்று பலகை மாட்டிய அறைக்குள் ஒரு சின்னப் பெண் என் குடும்பத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு வட்டம் போட்டதுமே, அங்கிருந்துதான் வந்தது என்று நானே சொல்லிவிட்டேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

எப்படித் தெரியுமா? எனக்கு இடது மார்பை எடுத்த அன்றே அம்சா அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டாள், இது வடிவு வீட்டு ரத்தம் என்று. வடிவு என் அம்மா. அப்பாவின் தங்கை சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. மார்பில் வருவது தாயிடமிருந்துதானே வரும் என்று அம்மாவும் ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடும்போதுகூட என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். ரத்தத்தைச் சோதித்தால் இது பரம்பரையாக வருகிறதா என்று தெரியும். அப்படியென்றால் குடும்பத்தில் மற்றவர்களும் சோதித்துக்கொள்ளலாம். முன்பே தெரிந்தவர்கள் வருஷாவருஷம் பார்த்துக்கொண்டால், கட்டி கடுகாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

என் கட்டியைக் கடுகாக யாரும் பார்க்கவில்லை. காந்தி ரோட்டுக் கடையில் நாள் முழுக்கப் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிறவளுக்கு அக்குள் வலி சம்பளத்தோடு வருவது. நானும் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"அப்பா வழியாவும் வரும், அக்கா. ஆம்பளைங்க சும்மா சுமந்துக்கினு இருப்பாங்க, முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. அவங்க பொண்ணுங்களுக்குத்தான் வந்து நிக்கும். அப்பா பக்கம் யாருக்காவது இருந்துச்சா?"

இல்லை என்றேன். அத்தைக்குச் சென்னையில் கர்ப்பப்பை எடுத்தார்கள். அதுதான் தெருவில் பாதிப் பெண்களுக்கு எடுத்தாயிற்றே.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அத்தை பெஞ்சில் இருந்தாள். எனக்குத் துணையாக வருவதற்கென்றே வாலாஜாபாத்திலிருந்து முதல் பஸ் பிடித்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள்தான் வருகிறாள். ஊசி குத்திய இடத்தைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அத்தைக்கு என்மேல் பிரியம் உண்டு. அதைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

என்ன சோதனை என்று கேட்டாள். சொன்னேன். சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"ரிசல்ட்டு வந்தா யார்கிட்டயும் வாய் தொறக்காத சுகா. நீயும் பொண்ண வச்சிக்கினு இருக்கற, நாளைக்கு அவள எவன் கட்டுவான்? எனக்கு மார்ல கட்டி வந்து, இதே டெஸ்ட்டுல இருக்குதுன்னு சொன்னப்ப, நான் எங்கண்ணன்கிட்டயாவது மூச்சு வுட்டனா? கர்ப்பப்பைன்னு சொல்லி முடிச்சுட்டேன்மா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முந்தானையை மெல்ல விலக்கிக்கொண்டாள்.

நான் மனசுக்குள் வருஷத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்த ஆபரேஷன் முடிந்து அத்தை வீடு திரும்பிய மாதம்தான், அவள் மகன் விக்னேஷுக்கும் எனக்கும் ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினாள். நான் பிறந்ததிலிருந்தே அவனுக்குத்தான் என்று பேச்சு. முறைப்பெண்ணை வேண்டாம் என்று சொல்ல ஊருக்கு ஒரு காரணம் காட்ட வேண்டும், ஜோசியரைவிடச் சுலபமாக யார் கிடைப்பார்? நானும் ஒரு வருஷம் அழுதேன். அது போகட்டும்.

உங்கள் வீட்டுப் பெண்களுக்கு வரும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அத்தை அதைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டாள். அண்ணன் வீட்டுப் பெண்ணை எடுக்காமல் இருந்தால் மகன் தப்பித்தான். உடனே ஆரணியில் சொந்தமில்லாத இடமாகப் பார்த்து முடித்தாள்.

என்னிடமிருந்து மகனைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவளுக்கு, போய்ச் சோதித்துக்கொள் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல நா எழவில்லை. என் அம்மாமேல் பழி போட மட்டும் நன்றாக எழுந்தது.

விக்னேஷ் ஆண் பிள்ளை, அவனுக்கு ஒன்றும் இல்லை என்று இன்றுவரை நிம்மதியாக இருக்கிறாள். சற்றுமுன் அறைக்குள் ஆண்களைப் பற்றி நான் கேட்டதை அவள் கேட்கவில்லை.

"எங்கதைய யார்கிட்டயும் சொல்லாத. எந்தலமேல அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்று என் கையை இழுத்தாள்.

செய்தேன். உன் கதை, என் கதை, இந்தச் சோதனை, எதையும் யாரிடமும் பேசமாட்டேன் என்றேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

விக்னேஷுக்கு இரண்டும் பெண் குழந்தைகள்.