கோல்கீப்பரின் ஞானப்பல்

"இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க" என்றார் டாக்டர் மிகுலா.

நாற்காலியில் சாய்ந்திருந்தவனின் கழுத்தில் மடிப்புக் கலையாத பச்சை வெள்ளை மஃப்ளர். லெஸ்கோவ் கரடிகள் அணியின் மஃப்ளர். அதைப் பார்த்ததுமே டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. நம்ம ஆள்.

முப்பத்தொரு வருஷமாக ஒரே சீட்டில் உட்கார்ந்து கரடிகளின் ஐஸ் ஹாக்கியைப் பார்க்கிறவர் அவர். மகள் கல்யாணத்தன்று மாதா கோவிலில் காதில் ரேடியோவோடு நின்றவர். ஞாயிற்றுக்கிழமை கரடிகள் தோற்றால், திங்கட்கிழமை அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ள லெஸ்கோவில் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

இந்த ஞாயிறு விழுந்தது தொடர்ந்து ஏழாவது தோல்வி. அன்றோடு பேப்பர் வாங்குவதை நிறுத்தினார். டிவி வயரைப் பிடுங்கினார். ரொட்டிக் கடையில் யாராவது ஹாக்கி பேசினால்கூட ரொட்டி வாங்காமல் திரும்பிவந்தார்.

"கீழ்க் கடைசியில ஞானப்பல். குறுக்கால படுத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே, சிஸ்டர் லிபூஷே நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தார். பெயர் ராதிம் ஷிமெக்.

டாக்டரின் கை அப்படியே நின்றது.

டுப்னிட்சா கழுகுகளின் கோல்கீப்பர்! எப்போதும் இரும்பு முகமூடிக்குள்ளேயே பார்த்த முகம், அதனால் தெரியவில்லை. போன மாதம் கரடிகள் அடித்த நாற்பத்திரண்டு அடியையும் ஒன்று விடாமல் தடுத்தவன். வெள்ளிக்கிழமை இதே ஊரில், அதே கழுகுகளோடு அடுத்த ஆட்டம்.

"எக்ஸ்ரேயை ஒருதரம் பார்த்துட்டு வரேன்" என்று பக்கத்து அறைக்குப் போனவர், லிபூஷேயைக் கண்ணால் கூப்பிட்டார்.

"அவன் யாருன்னு தெரியுதா? கழுகுகளோட கோல்கீப்பர்."

"நம்ம ஊர் மஃப்ளரில்ல போட்டிருக்காரு?"

"வேஷம். இந்த ஊர்ல அடையாளம் தெரிஞ்சா தலையில பீரை ஊத்துவாங்கன்னு பயம்."

"எனக்கென்னவோ நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. சொல்லாமலே ஷூவைக் கழட்டி வெச்சுட்டு உள்ள வந்தாரு."

"நாப்பத்திரண்டு, சிஸ்டர். நாப்பத்திரண்டு."

"என்ன நாப்பத்திரண்டோ. வெளிய இன்னும் நாலு பேர் உக்காந்திருக்காங்க" என்று அவள் போய்விட்டாள். அவளுக்கும் ஹாக்கிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அவசரம் ஒன்றுமில்லை. மாத்திரை கொடுத்தால் சீசன் முடிகிற ஏப்ரல் வரை தாங்கும். இன்றைக்கே பிடுங்கினாலும் தப்பில்லை. எந்தப் பல் டாக்டரைக் கேட்டாலும் இரண்டும் சரி என்பார்.

வித்தியாசம் ஒன்றுதான். பிடுங்கினால் பத்து நாளைக்கு ஆட முடியாது.

தொழிலுக்கு வந்த நாளாக ஒருத்தரிடமும் எதையும் மறைத்ததில்லை. மெதுவாகக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எடுத்துடலாம். வெச்சிருந்தா என்னிக்கு வேணா வீங்கும்."

"இன்னிக்கேவா டாக்டர்? வெள்ளிக்கிழமை வேற..."

"பல்லுக்கு வெள்ளி சனியெல்லாம் தெரியாது."

சொன்னதில் பொய் இல்லை. ஏப்ரலைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான்.

"இல்ல, நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். நான் வந்து ஹாக்கி..."

"தெரியும், தெரியும். வாயைத் திறங்க."

ஊசி இறங்கியது. ராதிம் விடவில்லை. குறடு வாய்க்குள் இருக்கும்போதே "ஆ... ங்ங... ரடி..." என்று என்னவோ முனகினான்.

"பேசக் கூடாது. நாக்கு ஆடினா நரம்புல பட்டுடும்."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு பக்குவமாக அவர் சொந்த மனைவிக்குக்கூடப் பல் எடுத்ததில்லை. எதிரியாகவே இருந்தாலும் வலி தெரியக் கூடாது என்பதில் குறியாக இருந்தார். பல் தட்டில் 'ணங்' என்று விழுந்தபோது, ஏழு தோல்விக்கு அப்புறம் முதல் முறையாகச் சிரித்தார்.

பிறகு சான்றிதழ் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை இரண்டு தடவை அழுத்திக் குத்தினார். பத்து நாள் முழு ஓய்வு.

ராதிம் பஞ்சைக் கடித்தபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். முகம் தொங்கிவிட்டது.

"ஒரு நாள், ரெண்டு நாள் குறைக்க முடியாதா டாக்டர்?"

"அந்த இடத்துல ஒரு இடி பட்டா தாடையே போயிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

"எனக்குப் பதிலா நிக்க ஆளே இல்லியே. இன்னொரு கீப்பருக்கு மணிக்கட்டு உடைஞ்சு கெடக்கு. ஸ்கூல் டீம்லேர்ந்துதான் யாரையாவது பிடிச்சு நிறுத்தணும்."

டாக்டருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருமுகிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயோ பாவம். அப்ப எப்படியும் ஒரு பத்து கோல் விழும்."

"கொறையாம விழும்."

"மனசை விடாதீங்க தம்பி" என்று அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். "கழுகுகள் முதலிடத்துல இருக்கீங்க. ஒரு மேட்ச் போனா என்ன, குடியா முழுகிடும்?"

ராதிம் பஞ்சைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, குழம்பிப்போய் அவரைப் பார்த்தான்.

"கழுகுகள் என்னை நேத்தே உங்க கரடிகளுக்கு வித்துட்டாங்களே டாக்டர்."