சைபர் நம்பர் டிஸ்க்

அம்மா காலமானபின் போட்டோ ஸ்டுடியோவைப் பிரித்தாகிவிட்டது. அரியலூர் கடை அண்ணன் சூசைராஜுக்கு, பெரம்பலூர் கடை தம்பி பிரபுவுக்கு. மிச்சம், பழைய கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு டிஸ்க்.

"ஒண்ணுல சைபர்னும் இன்னொண்ணுல ஒண்ணுன்னும் ஒட்டியிருக்கே. அம்மா வீடியோ எதுலடா?"

"ஒண்ணுல, ஆறாம் நம்பர் பார்ட்டிஷன், அதாவது ஆறாவது பாகத்துலண்ணே."

"அப்ப மொத நம்பர் மூத்தவனுக்கு. சைபரை நீ எடுத்துக்க."

கம்ப்யூட்டர் கணக்கில் சைபர்தான் முதல் நம்பர் என்று பிரபு வாய் திறக்கவில்லை. அவன் மனைவி நான்சிதான் வழியெல்லாம் புலம்பினாள்.

"ஏலாக்குறிச்சி மாதா கோயில் தேர்ல அத்தை சிரிச்சுப் பேசுன ஒரே வீடியோ. அதையும் விட்டுக் குடுத்துட்டீங்களே!"

அதன்பின் அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சூசைராஜ் போன் செய்தார்.

"வீடியோல அம்மாவைப் பாத்தேன்டா. உனக்கு இல்லாமப் பண்ணிட்டேனேன்னு மனசு கேக்கல. வூட்டுக்கு வா, சேர்ந்து பாப்போம்."

"இதோ கெளம்பிட்டேண்ணே."

போனை வைத்த பிரபு, தன் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினான். திரையில் அம்மா சிரித்தபடி நின்றாள். உள்ளே வந்த நான்சி திகைத்துப்போனாள்.

"ரெண்டு டிஸ்க்லயும் அதே ஆறாம் நம்பர், அதே வீடியோதான். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு நான்தான் அப்படி வச்சேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதே. அப்புறம் கூப்பிட மாட்டாரு."