என். தயாளினி

திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் சட்டென்று நின்றன.

"அண்ணா, திரும்பவும் பேர் கேக்குது," என்றாள் பிரஷாந்தினி.

காலையிலிருந்து இதுதான் நடக்கிறது. அரிசி ஆலைகளுக்காக நாங்கள் எழுதிய மென்பொருளை எஸ்.வி.என். என்ற பழைய களஞ்சியத்திலிருந்து கிட் என்ற வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். எந்த வரியை யார் எழுதினார், யார் திருத்தினார் என்ற வரலாறு முழுவதும் கூடவே போகவேண்டும். பழையதற்கு ஒரு பயனர்பெயர் போதும். புதியது ஒவ்வொருவருக்கும் முழுப்பெயர் கேட்கிறது. கொடுக்காவிட்டால் அசையாது.

"அடையாள அட்டையும் கேக்குதோ எண்டு வடிவாப் பாரும்," என்றான் பக்கத்து மேசையிலிருந்து கிருசாந்தன்.

பிரஷாந்தினி சிரித்தாள். பிறகு குனிந்து திரையை வாசித்தாள்.

"கே தயாளினி. என் தயாளினி. ரெண்டும் ஒரே ஆளோ?"

புள்ளியில் நிறுத்தாமல் வாசித்தாள்.

கிருசாந்தனின் சிரிப்பு நின்றது. பிரஷாந்தினி இங்கே வேலைக்கு வருவதற்கு முன்னரே தயாளினி வேலையை விட்டுப் போய்விட்டாள். பிரஷாந்தினிக்கு ஒன்றும் தெரியாது.

"ஒரே ஆள்தான்," என்றேன். "முதல் இருந்தது தகப்பன்ர எழுத்து. மற்றது கலியாணத்துக்குப் பிறகு வந்தது."

"இதுக்குள்ளயும் மாத்தினவாவோ!"

மாற்றினாள். வங்கிப் புத்தகத்தில்கூட மாற்றாதவள், கலியாணம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளே இதை மாற்றித் தரும்படி கேட்டாள். அலுவலகமே அவளைப் பகிடி பண்ணிச் சிரித்தது.

"அப்ப கடைசிப் பேரை ரெண்டுக்கும் போடட்டோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அதோடு தயாளினி எழுதிய வரிகளெல்லாம் அந்த எழுத்தோடு போய்ப் பதிந்திருக்கும். பதிந்த பிறகு மாற்றுவதென்றால் முழுவதையும் உடைத்துத் திரும்பக் கட்டவேண்டும். யாரும் அதற்குத் துணியமாட்டார்கள்.

எழுந்து யன்னலடிக்குப் போனேன். கீழே புதுக்குடியிருப்பு பஸ் புறப்படுவதுபோல உறுமிக்கொண்டு நின்றது. கொண்டக்டர் தகரத்தில் தட்டினான். பஸ் ஓரடி நகர்ந்து மறுபடியும் நின்றது. திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். இருக்க முடியவில்லை.

"ஆளைக் கேட்டுப் போடுறதுதான் முறை," என்றான் கிருசாந்தன், என்னைப் பாராமல்.

அவனே தன் போனில் அழைத்து, ஒலியைக் கூட்டி, பிரஷாந்தினியின் மேசையில் வைத்தான். என் போனிலிருந்து அழைத்தால் தயாளினி எடுப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் விட்டாலும் நல்லது என்று நினைத்தேன். எடுக்கவேண்டும் என்றும் நினைத்தேன்.

"சொல்லுங்கோ கிருசாந்தன்."

அவள் இப்போதிருக்கும் ஸ்கந்தபுரத்து வீட்டில் கோழி கத்துவது கேட்டது. அவளின் குரலை இவ்வளவு பக்கத்தில் கேட்டு எவ்வளவோ காலம்.

பிரஷாந்தினி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு விடயத்தைச் சொன்னாள். இரண்டு எழுத்து. ஒரு ஆள். எதைப் போடுவது?

போனில் கோழி மறுபடியும் கத்தியது. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பின்னதைப் போடச் சொன்னால் போதும். வேலைக்காகச் சொன்னாலும் போதும், யோசிக்காமல் சொன்னாலும் போதும். அதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கே ஸ்கந்தபுரம் போய்விடுவேன்.

"தயாளினி எண்டு மட்டும் போடுங்கோ."

"இனிசல், அக்கா?"

"ஒண்டும் வேண்டாம். அது இல்லாட்டி ஏற்காதோ?"

"ஏற்கும் அக்கா."

பிரஷாந்தினியின் விரல்கள் தட்டத் தொடங்கின. தகப்பனின் எழுத்தையும் அவள் கேட்கவில்லையே என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அப்படியானால் இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. போய்க் கதைக்கலாம்.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. நான் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"கேட்டுதுதானே, நிரஞ்சன் அண்ணா?" என்றாள் தயாளினி.

எழுத்துகள் மறுபடியும் திரையில் ஓடின. பிரஷாந்தினி கையைத் தட்டினாள்.

அண்ணா.

எங்கள் கலியாணப் பதிவு எழுத்தன்று அவள் கைவிட்ட சொல்.