கொம்பியூட்டர் வெட்டிய பெயர்

“கொம்பியூட்டர் உங்கட பேரை வெட்டிப்போட்டுது, அம்மா. நான் என்ன செய்யிறது?” என்றார், மல்லாவியில் நிவாரண அரிசி கொடுக்கும் சங்கத்தின் முகாமையாளர் தில்லைநாதன்.

“மலேரியாவில கிடந்தனான் ஐயா, ரெண்டு கிழமை வரேலாமல் போச்சு. மூண்டு பிள்ளையள்,” என்றாள் ஞானேஸ்வரி.

“அதுக்கு மலேரியாவும் தெரியாது, பிள்ளையளும் தெரியாது.”

மின்சாரமில்லாத ஊர்; சங்கத்தின் பின்வளவில் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

“கொம்பியூட்டருக்கு எஞ்சின் ஓடுதுதானே ஐயா, இன்னொருக்கா அதிட்டக் கேட்டுப் பாருங்கோ.”

அவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

“இல்லையாம்.”

மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டு அவள் போனாள்.

“ஐயா, வந்தபடியே கிடக்கிற அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியை எப்ப பிரிக்கிறது?” என்று கேட்டார் எழுதுவினைஞர் தங்கராசா.

“பிரிச்சால் அதுக்கெண்டு தாற மண்ணெண்ணெய் அதுக்கே போயிடும். பிறகு பின்னால என்ர மிளகாய்க்கண்டுக்கு எதால தண்ணி இறைக்கிறது?”