துஷ்டுவின் மௌனம்

வெங்கடநாராயணன் முதலில் கொலையைத்தான் யோசித்தார். பிறகு, அறுபத்திரண்டு வயதில் அதெல்லாம் அதிகம் என்று திருட்டுக்கு இறங்கி வந்தார்.

திருட வேண்டியது ஒரு ஹார்மோனியத்தை. கல்கத்தா லேக் கார்டன்ஸில் அவருடைய ஃப்ளாட்டுக்கு நேர் மேலே, ஜெய்ராம் வீட்டு ஹாலில் அது இருந்தது.

ஜெய்ராமின் மனைவி சுலோசனா வங்காளிப் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். காலையில் ஒரு பாட்டு, மாலையில் அதே பாட்டு. குரல் ஒரு பக்கம் போகும், ஹார்மோனியம் இன்னொரு பக்கம் போகும். இரண்டும் சந்தித்துக்கொள்வது வெங்கடநாராயணனின் தலைக்குள்தான். வங்கி வேலையில் இருந்த காலமெல்லாம், ரிடையரான பின் படிப்பதற்கென்று புத்தகங்களாக வாங்கி அடுக்கிய பிரம்மச்சாரி அவர். இப்போது முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையே தாண்ட முடியவில்லை.

போதாக்குறைக்கு, துர்கா பூஜை அஷ்டமியன்று சாயங்காலம் கட்டட வாசல் மேடையில் சுலோசனாவின் கச்சேரி. அது நல்லபடியாக நடந்துவிட்டால் வீட்டிலேயே வகுப்பு வேறு எடுக்கப் போகிறாளாம்.

ஜெய்ராமிடம் சொல்லிப் பார்க்கலாமா? வழியே இல்லை. கல்யாண நாளுக்கு அந்த ஹார்மோனியத்தை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். மனைவி பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இமையோரத்தில் நீர் கசியும்.

ஆகவே திருட்டு. குறுக்கே நின்றது துஷ்டு.

துஷ்டு அவர்கள் வீட்டு நாய். வங்காளத்தில் அந்தப் பெயருக்குச் செல்லக் குறும்பன் என்று அர்த்தமாம். வெங்கடநாராயணனுக்குத் தமிழ் அர்த்தமே போதுமாக இருந்தது. கடிக்காது. ஆனால் யார் வாசலில் நின்றாலும் சந்தோஷத்தில் அதற்குப் பித்துப் பிடித்துவிடும். மார்பு உயரத்துக்குக் குதித்து, மூக்கை நக்கி, தன் வாலைத் தானே துரத்தி, பவானிபூர் வரைக்கும் கேட்கிற மாதிரி குரைக்கும். இத்தனை பாசத்துக்கு நடுவில் எவனும் திருட முடியாது.

நாய்ப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் வாங்கினார். அடிக்காதே, அதட்டாதே என்றது அது. குதித்தால் முதுகைக் காட்டித் திரும்பி நில். நாலு காலும் தரையில் பட்டு, வாயும் மூடியிருக்கும் அந்த நொடியில் தின்னக் கொடு. வாயை மூடிக்கொண்டிருப்பதற்குப் பரிசு தரும் சாஸ்திரம் ஒன்று உலகத்தில் இருப்பதை அறிந்து, வெங்கடநாராயணன் சற்று நேரம் நெகிழ்ந்து போய் உட்கார்ந்திருந்தார்.

"அடிக்காம திட்டாம எப்படி மாமா?" என்று, துஷ்டுவைப் பழக்கித் தருவதாக மேலே வந்து சொன்னவரிடம் சுலோசனா வியந்தாள்.

"நல்லது பண்ணினா கொடுக்கணும். கெட்டது பண்ணினா கண்டுக்காம இருக்கணும். அவ்வளவுதாம்மா."

"எங்காத்து மனுஷரையும் சேர்த்துப் பழக்குங்கோ. ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறார்."

ஜெய்ராம் சிரிக்கவில்லை. "நன்னாப் பழக்குங்கோ மாமா. நாங்க இருந்தாலும் இல்லேன்னாலும் வந்துண்டே இருங்கோ" என்று மாற்றுச் சாவியையும் எடுத்துக் கையில் வைத்தான். அப்பாவி!

பிஸ்கட்டுக்குத் துஷ்டு மசியவில்லை. பனீருக்கு அரை மனதாக மசிந்தது. கடைசியில் வெங்கடநாராயணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தெருமுனை ஹோட்டலுக்குள் நுழைந்து, உப்பும் காரமும் போடாமல் வேகவைத்த மீன் வேண்டும் என்றார். "டாக்டர் சொன்னாரா?" என்று பரிவோடு கேட்டார்கள். ஆமாம் என்றார். பரம்பரை ஆசாரம் சட்டைப் பையில் பொட்டலமாக நாறியது.

ஆனால் துஷ்டு உட்கார்ந்தது. பேசாமல் உட்கார்ந்தது. பூஜை நெருங்க நெருங்க, அவர் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாலும், நாற்காலியை இழுத்துப் போட்டாலும், வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு பார்த்தது.

அஷ்டமி காலை. துர்கைக்குப் புஷ்பாஞ்சலி செய்யக் கட்டடமே பட்டுப் புடவையும் குர்தாவுமாகப் பந்தலுக்குப் போயிருந்தது. வெங்கடநாராயணன் சாவியைப் போட்டு உள்ளே நுழைந்தார். துஷ்டு எழுந்தது. அவர் பொட்டலத்தைப் பிரித்தார். துஷ்டு உட்கார்ந்து, மீனை வாங்கிக்கொண்டது.

ஹார்மோனியப் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். இடுப்பில் ஏதோ சொடுக்கியது. பெட்டி நகரவில்லை. திருட்டில் இவ்வளவு கனம் இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை.

பின்னால் படுக்கையறைக் கதவு திறந்தது.

புதுக் குர்தாவில் ஜெய்ராம் நின்றுகொண்டிருந்தான். அவரைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

"நாயைப் பழக்க வந்தேம்ப்பா" என்றார் வெங்கடநாராயணன். அது அவருக்கே கேட்கவில்லை.

ஜெய்ராம் விறுவிறுவென்று வாசலுக்குப் போய் மாடிப்படியை எட்டிப் பார்த்தான். ஆளைக் கூப்பிடப் போகிறான்! வங்கியில் ஒரு மெமோகூட வாங்காத மனிதர், ஹார்மோனியத் திருடனாகப் பந்தல் கூட்டத்துக்கு நடுவே நடந்து போவதை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெய்ராம் ஓசைப்படாமல் திரும்பி வந்தான்.

"என்ன மாமா இவ்வளவு லேட்டு? பின்வாசல்ல டாக்ஸி எத்தனை நேரமா நிக்கறது!" என்று கடிந்துகொண்டே, பெட்டியின் அடுத்த கைப்பிடியைப் பிடித்தான்.