பதினோராம் இலக்கம்

விலைமதிப்பீடு நான்கு பக்கம். அதைக் கண்ணாடித் தாள் உறைக்குள் போட்டு, கல்யாணக் காட் கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டினார் தர்சன்.

அவருடைய கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘முதுநிலை வாடிக்கையாளர் உறவு ஆலோசகர்’ என்று இருந்தது. வயது இருபத்தாறு இருக்கும். கார் திருத்த வந்தவர்களுக்கு உறவைப் பற்றி ஆலோசனை சொல்லவும் ஓர் ஆள் இருக்குமளவுக்கு வவுனியா வளர்ந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தில் மொத்தம். பதினான்கு இலட்சத்து எண்பதாயிரம்.

தயாபரன் பக்கத்தைத் திருப்பிப் பின்புறம் பார்த்தார். பின்புறம் வெறுமையாக இருந்தது.

அவரிடம் ஒன்பது இலட்சம் இருந்தது. உழவு மெசினையும் நான்கு மாடுகளையும் விற்ற காசு. வயலைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. இனி ஜெயபுரத்துச் சனத்தை ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் ஏற்றி இறக்கித்தான் சீவியம். கார் ஓடாவிட்டால் அதுவும் இல்லை.

கிளிநொச்சியில் றொனால்ட்டின் கராஜில் நெளிவு எடுத்து, எஞ்சினையும் பார்த்தாயிற்று. ஆனால் எயார்பாக் வெடித்த கார் தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிட்டது. கொம்பனியின் கம்பியூட்டர்தான் அந்தப் பூட்டைத் திறக்கும் என்று றொனால்ட் கையை விரித்தான். லொறியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள்.

கொம்பனிக்கு ஒரு நிபந்தனை. விபத்தில் வேலை செய்த பாதுகாப்புச் சாமான்கள் அத்தனையும் கொம்பனியிலேயே புதிதாகப் போட வேண்டும். பிறகுதான் பூட்டுத் திறக்கும்.

காப்புறுதி மூன்றாம் தரப்புக்கு மட்டும். குறுக்கே வந்த மாட்டுக்கு விலத்தப்போய் இடித்த பாலைமரம் முறைப்பாடு செய்திருந்தால், அதற்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

மகள் சாரங்கா பேனையை எடுத்தாள். பல்கலைக்கழக வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறவள். ஆங்கிலத்தில் கிடந்ததை வரிவரியாகத் தகப்பனுக்குச் சொல்லிக்கொண்டே வெட்டத் தொடங்கினாள்.

வாசனைத் தெளிப்பு வெட்டுப்பட்டது. கால்விரிப்பு வெட்டுப்பட்டது. நான்கு சில்லுக்கும் அலங்கார மூடி, முழு உடம்புக்கும் மினுக்கப் பூச்சு எல்லாம் போயின. ‘ஆலோசனைக் கட்டணம்’ என்றொரு வரி இருந்தது. இப்போது கதைத்துக்கொண்டிருப்பதற்குத்தான் அது என்று தர்சன் பணிவாக விளக்கினார். அதையும் வெட்டினாள்.

பதினொரு இலட்சத்துப் பத்தாயிரத்தில் வந்து நின்றது.

மிஞ்சியவற்றில் பேரம் பேசக்கூடியது பதினோராம் இலக்கம் ஒன்றுதான். முன் இடதுபக்க சீற்றின் பெல்ற். இரண்டு இலட்சத்துப் பதினையாயிரம். அது போனால் ஒன்பதுக்குள் அடங்கிவிடும்.

அதற்கு வழி இருக்கிறது என்றார் தர்சன். விபத்து நேரம் ஆள் அந்த பெல்ற்றைப் போட்டிருக்கவில்லை என்று உரிமையாளர் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தால், சோதித்துப் பார்த்துவிட்டுப் பழையதையே விடலாம். சிலபேர் சீற்றில் அரிசி மூட்டையை வைத்து பெல்ற் கொழுவுகிறார்களாம்; அப்போதும் பதிவில் கொழுவியதாகத்தான் விழுமாம். இந்தக் காரின் பதிவும் அப்படித்தான், அதனால்தான் அந்த வரி தேவை என்று சொல்லித் திரையைத் திருப்பினார்.

“கம்பியூட்டர் பொய் சொல்லாது ஐயா. இடிபடேக்க அந்த பெல்ற் கொழுவித்தான் இருந்திருக்கு.”

சாரங்கா பேனையை வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டப் போனாள். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். திரும்பியபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“பாத்தியளே அப்பா? அம்மா பெல்ற் போட்டுத்தான் இருந்தவா. செத்தவீட்டில உங்களைப் பிழை சொன்ன ஆக்கள் எல்லாம் வந்து இதைப் பாக்கோணும்.”

காசுக்காக அம்மாவைப் பற்றிப் பொய் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துத் தர முடியுமா என்று தர்சனைக் கேட்டாள்.

தாராளமாக என்றார் தர்சன். அதற்குக் கட்டணம் இல்லை. அந்தக் கட்டடத்தில் அப்படி இருந்தது அது ஒன்றுதான்.

தாள் சூடாக வந்து விழுந்தது. சாரங்கா அதைக் கசங்காமல் தன் பைலுக்குள் வைத்தாள்.

தர்சன் படிவத்தைத் தயாபரனுக்கு முன்னால் தள்ளினார். ஒரே ஒரு வரி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. எழுதுகிறாரா, புதிது போடுவதா என்று கேட்டார்.

தயாபரன் படிவத்தைப் பார்க்கவில்லை. மகளின் பைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போட்டிருந்தவா, தம்பி. புதுசுதான் போடோணும். என்னட்ட அவ்வளவு காசு இல்லை. கார் இஞ்சயே நிக்கட்டும்.”

நிறுத்தி வைப்பதற்கு நாள் வாடகை உண்டு என்பதை தர்சன் மிகுந்த மரியாதையுடன் நினைவூட்டினார்.

விபத்து நடந்த அன்றைக்கு முல்லைத்தீவில் கல்யாணம். மனைவி விமலேஸ்வரி புதுப் பட்டுச்சீலை கட்டியிருந்தாள். பெல்ற் போட்டால் கசங்கும் என்றாள். போடாவிட்டால் கார் வழி முழுக்கக் கீச்சிடும். ஜெயபுரம் சந்தி தாண்டுவதற்குள் தயாபரனுக்குப் பொறுக்கவில்லை. காரை ஓரமாக நிறுத்தி, அவளை முன்னுக்குச் சரிந்து இருக்கச் சொல்லி, பெல்ற்றை அவளுடைய முதுகுக்குப் பின்னால் இழுத்துக் கொழுவிவிட்டார்.

சத்தம் நின்றது. இப்போதுதான் காதுக்கு நிம்மதி என்றாள் விமலேஸ்வரி.